அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்

அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல் நுனிகளில் ஒரு கூச்சம் மாதிரி, பிறகு உள்ளங்கையில், பிறகு முழங்கை வரை. கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டை, ஜீப்பைப் போலவே முந்தைய உரிமையாளரிடமிருந்து வந்தது, படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் சாலையையே பார்த்து ஓட்டினாள். பார்க்கத் தேவையில்லை. அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பாதங்களையும் தரையில் அழுந்த வைத்து, கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்திருப்பார். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். வாடகைக் காரில் போனாலும், யாரோ ஒருவருடைய சாவுக்கு வேனில் கும்பலாகப் போனாலும், கொஞ்ச நேரத்தில் செருப்பு ஓரமாகப் போய்விடும்.

"வேகத்தக் குறைக்காத. அப்படியே புடி."

அவள் பிடித்தாள். எண்பதை நெருங்கும்போது, யாரோ தோளில் கை வைத்து அமர்த்தியதைப் போல, நடுக்கம் தானாகவே நின்றது. வேகத்தைக் குறைத்ததும் மறுபடி வந்தது.

"பின்னாடி வீலு," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "இடது பக்கம்."

அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தன. ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம், உட்காருகிற இடம் ஆடினால் பின் சக்கரம். பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. வாய்ப்பாடு வருவதற்கு முன்பே அவளுக்கு அது வந்துவிட்டது, இதே வாயிலிருந்து, உச்சந்தலையில் ஸ்பானர் பிடியால் ஒரு தட்டோடு. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தேகமே இல்லை. தீர்ப்பு சொல்லி முடித்தவரின் நிம்மதி மட்டும் இருந்தது.

அவர் வேலை பார்த்த வண்டிப் பட்டறையில் அவருக்குத் தராசு என்று பெயர். அவர் வாங்கிய பெயர் அது. சக்கரத்தின் எடை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று சொல்ல மெஷின் வருவதற்கு முன்பு, அந்தப் பகுதியில் இருந்த ஒரே மெஷின் அவருடைய உள்ளங்கால்கள்தான். வண்டியில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்து, எந்தச் சக்கரம், வெளிப்பக்கமா உள்பக்கமா என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். மெஷின் வந்த பிறகும், அது சொல்வதைத் தராசு ஒப்புக்கொண்டால்தான் சக்கரத்தை மாட்டுவார்கள். பட்டறையை இப்போது நடத்துகிறவர் அவரிடம் தொழில் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் அப்பா அங்கே போய் உட்காருவதும், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் தீர்ப்பு சொல்வதும், மத்தியானம் வீட்டுக்கு வந்து அந்தப் பெருமையோடு சாப்பிடுவதும் நடந்துகொண்டிருந்தன. அந்த ஒன்றில்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அம்மா சொல்வாள்.

அப்போதுதான் அவள் அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள்.

ஜீப்பின் முந்தைய உரிமையாளர் காடு மேடெல்லாம் சேற்றில் ஓட்டித் திரிந்தவர். நாற்றம் பிடித்துப்போன தரைவிரிப்பைக் கிழித்தெடுத்துவிட்டுத்தான் வண்டியை விற்றார். இடது பக்கம், சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே, தரை வெறும் தகரமாக இருந்தது. வாங்கிய அன்றே அந்த இடத்தில் வைத்த தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கம் இளகிக் கோணிப்போயிருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். ஒரு கனமான விரிப்பு வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்து, வேலையில் மறந்துபோனாள். அந்த இடத்தில்தான் அப்பாவின் இடது பாதம் முழுதாகப் படிந்திருந்தது.

இப்போது எடுத்துவிடுவார் என்று நினைத்தாள். எடுக்கவில்லை. வண்டி ஒரு பாலத்தைக் கடந்தது, ஒரு செங்கல் சூளையைக் கடந்தது. பாதம் அங்கேயே இருந்தது, குளிர்ந்த தண்ணீரில் வைத்ததைப் போல. அவள் வாயில் "அப்பா, காலு" என்ற இரண்டு சொற்கள் தயாராக வந்து நின்றன. அவள் அவற்றைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால், நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்று சொல்லியிருப்பாள். பல் ஆடுகிறதா என்று நாக்கால் தள்ளிப் பார்ப்பது போன்ற ஒரு ஆர்வம்தான் அப்போது அவளுக்குள் இருந்தது. கோபம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கோபமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அவளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது அப்பா அதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தார். பழுதுபார்க்க வந்த வண்டியின் பின் இருக்கையில் அவளை உட்கார வைத்து, துண்டால் கண்ணைக் கட்டி, செருப்பைக் கழற்றச் சொல்வார். "காலு படிக்கணும்." வண்டி ஓடும். எந்தச் சக்கரம் என்று அவள் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் இறங்க வேண்டும். அதுதான் விதி. இறங்கி நடந்து பட்டறைக்கு வந்து சேர வேண்டும். செருப்பு வண்டியிலேயே போய்விடும். வெயில் காலத்தில் தார் இளகியிருக்கும். சாலையோரத்து மரங்களின் நிழல் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி, நடுவில் வெயில் விழுந்த இடங்களில் ஓடி, அவள் வந்து சேர்வாள். பட்டறையில் எல்லோரும் சிரிப்பார்கள். "தவளைக்குட்டி வந்துடுச்சுடா!" அப்பாவும் சிரிப்பார். உள்ளங்கால் கொப்பளித்ததற்கு அம்மா எண்ணெய் தடவுவாள். எதுவும் கேட்கமாட்டாள். பிற்பாடு அவள் எல்லாச் சக்கரத்தையும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதும் அப்பாவுக்கு விளையாட்டு சலித்துவிட்டது. பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று விட்டுவிட்டார்.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினாள். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். இடது கால் லேசாகக் கோணலாகப் பதிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

"பின்னாடி இடது, கழட்டுங்கடா!"

பட்டறைக்காரர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது தாண்டியவர். அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கூட வேலை செய்கிற ரேடியோ, வாய் மூடாமல் பேசுவதால் அந்தப் பெயர், சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றிவிட்டார். ஓடித் தேய்ந்த எந்தச் சக்கரமும் கொஞ்சம் காட்டும். இதுவும் கொஞ்சம் காட்டியது. எடையைச் சரிக்கட்ட ரிம்மின் ஓரத்தில் ஒரு சின்ன ஈயத் துண்டை அடித்து ஒட்டினார்கள்.

"பாத்தியா?" என்றார் அப்பா.

ரேடியோ ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போது தலையைச் சொறிந்தார். "அண்ணே, இன்னும் ஆடுதுண்ணே. ஸ்டியரிங்குல..." என்று ஆரம்பித்தவர், பட்டறைக்காரர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அப்பா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அப்ப சேஸிஸ் வளைஞ்சிருக்கு. பள்ளத்துல போட்டு மொத்தியிருக்கான் அந்த ஆளு. இதுக்கு வைத்தியம் கிடையாது. கெடைச்ச விலைக்குத் தள்ளி விட்டுட்டு வேற வேலையப் பாரு."

"அப்பா, முன் வீல ஒரு தடவை..."

"எனக்குப் பாடம் எடுக்கறியா? யாரைக் கேட்டு வாங்கின? பெயின்ட் பளபளன்னு இருந்தா போதும் உனக்கு. மாப்பிள்ளையையும் இப்படித்தான் பாத்து எடுத்த. நீ பாத்து எடுக்கறது எல்லாமே அறுபதுல ஆட ஆரம்பிச்சுடும்."

ரேடியோ சிரித்துவிட்டார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த யாரோ ஒருவரும் சிரித்தார். நல்ல நகைச்சுவைதான், அவளுக்கே ஒரு கணம் உதடு அசைந்தது. சின்ன வயதிலிருந்தே அவர் அடிக்கும்போது கூடச் சேர்ந்து சிரித்துவிடுகிற பழக்கம். பட்டறைக்காரர் மட்டும் சிரிக்காமல் கையில் இருந்த துணியால் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா கை கழுவப் போனதும் அவள் பட்டறைக்காரரிடம் போய் நின்றாள். "முன் வீலக் கழட்டிப் பாருங்களேன். எனக்குக் கையிலயே தெரியுது."

"அண்ணன் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது பாப்பா." குரலைத் தாழ்த்தினார். "வண்டிய விட்டுட்டுப் போயேன். சாயங்காலமா வந்து எடுத்துக்க. அதுக்குள்ள எல்லாம் பாத்துக்கலாம்."

அதை அவள் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொண்டாள். விற்றுவிட ஆள் பார்ப்பார் போலிருக்கிறது என்று நினைத்தாள். சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

நில அளவை அவளுடைய தொழில். கல் குவாரிகளுக்கும், இனிமேல்தான் சாலை போகப்போகிற மலைச்சரிவுகளுக்கும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவு நாளும் யாராவது ஒரு ஒப்பந்தக்காரரின் வண்டிக்காகக் காத்து நின்றாள். அவர்கள் கூப்பிட்டால் ஏறி, இறக்கிவிட்டால் இறங்கி. கணவன் விட்டுப் போன பிறகு, அப்பாவின் வீட்டில் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்த இத்தனை வருடங்களில், அவள் தானாக யோசித்து, தானாகக் குனிந்து அடியில் படுத்துப் பார்த்து, இது நல்ல வண்டி என்று முடிவு செய்து வாங்கிய ஒரே பொருள் இந்த ஜீப். வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேஸிஸை விரலால் தடவித் தடவிப் பார்த்திருந்தாள். அது வளையவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவள் சரியாக இருந்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. இல்லையென்றால் மற்ற எல்லாவற்றிலும் அப்பா சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையில் இருந்த ஒரு டயர் கடைக்குப் போனாள். மெஷினருகில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை கரி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். யாரையோ "வெச்சிடு, வெச்சிடு, கஸ்டமர் வந்தாச்சு" என்று துரத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"என்ன ஆடுது?"

"ஸ்டியரிங்."

"முன்னாடின்னு சொல்லுங்க." ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் வலது சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். சக்கரம் ஓடி, தயங்கி, பின்னால் கொஞ்சம் வந்து, கனமான ஒரு இடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நின்றது. அந்தப் பெண் சிரித்தாள். சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டாள். ரிம்மின் உள்பக்கத்து வளைவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கை அகலத்துக்கு ஒரு மண்கட்டி காய்ந்து இறுகியிருந்தது.

"இவ்ளோ மண்ணைக் கட்டிக்கிட்டு சுத்துனா ஆடாம என்ன செய்யும்? இதுல ஒரு வீட்டுக்கு அஸ்திவாரமே போடலாம்."

திருப்புளியை நடுவில் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினாள். மண்கட்டி முழுசாகப் பெயர்ந்து வந்தது, ரிம்மின் வளைவை அப்படியே அச்செடுத்ததைப் போல. பின்னர் மெஷினில் மாட்டி, பழைய ஈயத் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டு, புதிதாக அடித்துக் கொடுத்தாள். இடது பக்கத்தையும் பார்த்தாள். அவ்வளவுதான். சேஸிஸைப் பற்றிக் கேட்டதற்கு, அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னா? கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

கிளம்பும்போது அவள் அந்த மண்கட்டியைக் கேட்டாள்.

"எதுக்கு, ஊட்ல பாப்பா வெளையாடறதுக்கா?"

"ஆமா," என்றாள் அவள்.

திரும்பி வரும்போது ஜீப் எண்பதுக்கு மேலும் போனது, அறுபதிலும் நின்றது, எழுபதில் வெகுநேரம் ஓடியது. ஸ்டியரிங் ஒரு தூங்குகிற குழந்தையின் முதுகைப் போல இருந்தது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் மண்கட்டியை மேசைமேல் வைத்து, "இதுதாம்பா" என்று சொன்னால் முடிந்தது. அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். பிறகு பட்டறையில் போய், "மெஷின்ல தப்பா காட்டுச்சு, நான் அப்பவே முன்னாடின்னு சொன்னேன்" என்பார். எல்லோரும் ஆமாம் என்பார்கள். அவளுடைய வெற்றி, வீட்டுக்குள், சாப்பாட்டு மேசையில், சாதத்தோடு பிசைந்து விழுங்கப்பட்டுவிடும். அது போதாது என்று அவளுக்குப் பட்டது. எவ்வளவு இருந்தால் போதும் என்று யோசித்தபோது, அளவை அவள் ஏற்கனவே முடிவு செய்து வைத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. எத்தனை பேர் சிரித்தார்களோ அத்தனை பேர்.

மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். அன்று பட்டறைக்குப் போகவில்லை. அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய இடது பாதத்தை மடியில் வைத்திருந்தாள். உள்ளங்காலில் ஒரு பெரிய கொப்புளம், நீர் கோத்து, ஓரத்தில் தோல் கழன்று தொங்கியது. அம்மா பஞ்சால் ஒற்றினாள், மருந்தைத் தடவித் துணி சுற்றினாள். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய புண்ணைத் தொடும்போது ஒரு மனிதன் குறட்டை விடுவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

சமையலறையில் அம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "எங்கடி பட்டுச்சு இது?"

"எனக்கென்ன தெரியும்."

"உன் வண்டியிலதான போனாரு."

அம்மா குழாயை மூடினாள்.

"சக்கரையில கால் மரத்துப்போயி வருஷக்கணக்கா ஆவுது. குளிக்கற தண்ணியில நான்தான் மொதல்ல கைய விட்டுப் பாக்கறேன். செருப்புல கல்லு கில்லு இருக்கான்னு நான்தான் உதறி வெக்கறேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாத மாதிரி இருக்காரு. நானும் அப்படியே இருந்துக்கறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. காய்கறி வாங்கும்போது பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. "சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்டி."

"என்ன பண்ணுவேன்?"

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

"எனக்குக் கால் கொப்பளிச்சப்ப எண்ணெ தடவினியே. அப்ப அவர்கிட்ட ஏதாவது சொன்னியா நீ? ஒரு வார்த்தை?"

"அந்தக் காலத்துக் கதையெல்லாம் இன்னுமா வெச்சிருக்க."

"நான் வெச்சுக்கல. கால்ல இருக்கு."

அம்மா மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினாள், இறுகிவிட்ட பிறகும் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்துவிட்டார். அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

"நீங்க சொன்னதுதாம்பா சரி. வெளியில காட்டினேன். ஒண்ணும் பண்ண முடியலன்னுட்டாங்க. முன்னவிட ஜாஸ்தியா ஆடுது."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவளிடம் அப்படி மலர்ந்த முகத்தை அவர் காட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரு பொய்யைச் சொல்லித்தான் அதைப் பெற முடிந்திருக்கிறது. ஒரு நிமிடம் அவளுக்கு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் தலையணையைச் சரித்துச் சாய்ந்து உட்கார்ந்து, "நான்தான் சொன்னேன்ல. உனக்கு எப்பவுமே பட்டாத்தான் புரியும்" என்றார்.

"நாளைக்குப் பட்டறைக்கு வந்து எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லிடுங்க. வித்துடறேன்."

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்ததைப் போலிருந்தது. ஆனால் சொன்னால் எதை வேண்டாம் என்கிறாள் என்று அவரிடம் விளக்க வேண்டியிருக்கும். அம்மா வாயை மூடிக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

மறுநாள் பட்டறையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா துணி சுற்றிய காலோடு செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்து, ஜீப்பின் முன் இருக்கையில் ஏறினார். "ஏறுங்கடா ரெண்டு பேரும்! கண்ணால பாக்காதீங்க, குண்டியால பாருங்க. அப்பத்தான் தெரியும்." ரேடியோ சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினார். பட்டறைக்காரர் அப்போதுதான் கையில் வாங்கிய, விளிம்பு வரை நிறைந்த தேநீர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறினார்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். தகரத்தின்மேல் அவள் அன்று காலை இரண்டு சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். அதை எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டினாள். இருபக்கமும் மரங்கள் இருந்த நேரான சாலை அது. நாற்பது, ஐம்பது. அறுபதைத் தொட்டதும் அப்பா விரலை உயர்த்தினார். ஸ்பீடோமீட்டரைப் பார்த்துத்தான் உயர்த்தினார் என்பதை அவள் கவனித்தாள்.

"ம். வந்துடுச்சு. பாத்தீங்களாடா?"

வண்டி தண்ணீரில் போகிற படகைப் போல ஓடியது. அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பட்டறைக்காரரின் கையில் இருந்த டம்ளரில் தேநீர் விளிம்போடு நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவும் பார்த்தார். வாய் மூடாத அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"முந்தாநாளவிட மோசம். இப்ப முன்னாடிக்கும் வந்துடுச்சு. சேஸிஸ் போனா இப்படித்தான், ஒவ்வொரு வீலா வரும். என்னடா, தெரியுதா இல்லையா?"

"தெரியுதுண்ணே," என்றார் பட்டறைக்காரர். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய குரல். "லேசா ஆடுதுண்ணே."

"லேசாவா? தூக்கி அடிக்குது!"

"ஆமாண்ணே. தூக்கி அடிக்குது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வண்டியை விட்டுவிட்டுப் போ, சாயங்காலம் வா. அப்பா காலையில் ஒரு சக்கரத்தைச் சொல்வார். அதைக் கழற்றி ஒரு ஈயத் துண்டை அடிப்பார்கள். அவர் மத்தியானம் வீட்டுக்குப் போனதும் மெஷினில் போட்டு, எது உண்மையில் கோளாறோ அந்தச் சக்கரத்தைச் சரிசெய்து வைப்பார்கள். மறுநாள் அவர் ஏறிப் பார்த்து, "பாத்தியா" என்பார். எத்தனை வருடங்களாகவோ. வீட்டில் அம்மா, இங்கே இவர்கள். ஊரே சேர்ந்து அவருக்குக் கால்களாக இருந்திருக்கிறது. அவள் ஒருத்திக்கு மட்டும் அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. பட்டறைக்காரர் கண்ணாடியில் அவளுடைய கண்களைச் சந்தித்து, மிக மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் பாப்பா.

அங்கேயே திரும்பியிருக்கலாம். வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை நிறுத்தாமல், இருக்கைக்கு அடியிலிருந்த பையை எடுத்து, மண்கட்டியை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"முன்னாடி வலது ரிம்முக்குள்ள இருந்ததுப்பா. நேத்தே எடுத்தாச்சு. வண்டி இப்ப ஆடவே இல்ல."

அப்பா மண்கட்டியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் நெரித்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"களிமண்ணு," என்றார், தொழில்காரரின் குரலில். "காஞ்சா கல்லு மாதிரி புடிச்சுக்கும்."

பிறகு, அந்த வாக்கியம் முடிந்த இடத்தில் அவருக்கு வேறு எதுவும் இல்லாமல் போயிற்று. பின்னால் திரும்பினார். "டேய். ஆடுச்சா, ஆடலயா?"

பட்டறைக்காரர் டம்ளரைப் பார்த்தார்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"அண்ணே..."

"எத்தன நாளா?"

வண்டியின் எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு போதும் என்று அவளுக்குள்ளேயே ஒன்று சொன்னது. அவள் அதைக் கேட்டாள், தெளிவாகக் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"எந்த வீலுன்னு தெரியலன்னா என்ன செய்யணும்பா?"

அவர் அவளைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது புரிந்தபோது அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், இத்தனை வருடமும் அந்தக் கோபத்துக்குத்தான் தயாராகியிருந்தாள். வந்தது வேறு. உதட்டோரம் லேசாக அசைந்தது, சிரிப்பாகக்கூட இருக்கலாம். மண்கட்டியை இருக்கையில் வைத்தார். கைப்பிடியைத் தேடி, கண்டுபிடித்து, கதவைத் திறந்து இறங்கினார். கதவைச் சாத்தினார், மெதுவாக, புது வண்டியின் கதவைச் சாத்துவதைப் போல.

"பாப்பா," என்றார் பட்டறைக்காரர். "செருப்பு."

அது வண்டிக்குள்ளேயே கிடந்தது, ஓரமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி. இடது செருப்பில் பெருவிரல் பதிந்த குழிக்குள் அம்மா ஒரு பஞ்சுத் துண்டை வைத்து ஒட்டியிருந்தாள். பட்டறைக்காரர் பின்னாலிருந்து எட்டி அதை எடுக்கப் பார்த்தார். ஒரு கையில் டம்ளர் இருந்ததால் எட்டவில்லை. அவள் அசையவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

அப்பா பட்டறை இருந்த திசைக்குப் போகவில்லை. வண்டி பார்த்து நின்ற பக்கமாகவே, நேராக நடந்துகொண்டிருந்தார். உச்சி வெயில். தார் பளபளத்தது. சாலையின் ஓரத்தில் ஒவ்வொரு மரத்தின் நிழலும் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது, நடுவில் தாண்ட வேண்டிய வெயில். அவர் நிழலைத் தேடவில்லை. நிழல் முடிகிற இடத்தில் வேகத்தைக் கூட்டவும் இல்லை, அடுத்த நிழலில் நிற்கவும் இல்லை. வெயில் எது, நிழல் எது என்று காலுக்குத் தெரியாத ஒரு மனிதராக, புல்லில் நடப்பதைப் போல, தாரின் நடுவில் சாவகாசமாக நடந்தார். இடது காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து, ஒரு முழம் நீளத்துக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது.